விதைப்பையில் தட்டுப்பட்ட கட்டியும் நான் தொலைத்த ஒன்பது வாரமும்

குளிக்கும்போதுதான் கையில் தட்டுப்பட்டது. வெந்நீரில் குளித்துக்கொண்டிருந்தேன், சோப்புக் கை. வலது விதைக்கு மேலே, கொஞ்சம் பின்னால் தள்ளி, பட்டாணியைவிடச் சின்னதாக ஏதோ ஒன்று விரலுக்கு அடியில் நழுவியது. மறுபடி தேடினேன், கிடைக்கவில்லை. அப்பாடா என்று நினைத்த நேரத்தில் மூன்றாவது முறை கிடைத்தது. எனக்கு அப்போது 34 வயது. சோப்பு நுரை காய்ந்து தோலை இழுக்கிற வரைக்கும் அப்படியே நின்றுகொண்டிருந்தேன். வெளியே வந்தபோது மனைவி ஏதோ கேட்டாள், நானும் ஏதோ பதில் சொன்னேன். இரண்டும் இப்போது நினைவில்லை. அந்த நிமிடத்தில் எனக்குத் தோன்றியது ஒரே ஒரு சொல்தான். அது என்ன சொல் என்று நான் எழுத வேண்டியதில்லை.

இதை எழுதுவதற்குக் காரணம், அந்த நாளுக்கும் நான் ஒரு மருத்துவரிடம் போய்க் காட்டிய நாளுக்கும் நடுவே ஒன்பது வாரம் போய்விட்டது. நோய் அந்த ஒன்பது வாரத்தைத் தின்னவில்லை. வெட்கமும், என் உடம்பைப் பற்றி எனக்கே ஒன்றும் தெரியாமல் இருந்ததும் சேர்ந்து தின்றன. யாராவது ஒருவர் முன்பே இரண்டு வரி சொல்லியிருந்தால் இது ஒன்பது நாளில் முடிந்திருக்கும்.

முதல் வாரம் முழுக்க இணையத்தில் தேடுவதிலேயே போனது. பகலில் அலுவலகத்தில் தேட முடியாது, பக்கத்து இருக்கைக்காரர் எட்டிப் பார்ப்பார். வீட்டில் படுக்கையில் தேட முடியாது. அதனால் இரவு ஒரு மணிக்கு ஃபோனை எடுத்துக்கொண்டு குளியலறைக்குப் போய்விடுவேன். அந்தக் கதவு வேறு திறக்கும்போதெல்லாம் கிரீச்சென்று கத்தும். எத்தனை மெதுவாகத் திறந்தாலும் கத்தும். உள்ளே உட்கார்ந்துகொண்டு படித்ததில் பாதி எனக்குப் புரியவில்லை, மீதிப் பாதி புரிந்ததால் தூக்கம் போனது. இன்று யோசித்தால், தேடிய விதமே தப்பு. ‘வலியில்லாத கட்டி’ என்று தேடினால் புற்றுநோய்தான் முதலில் வந்து நிற்கும். விதைப்பைக்குள் இயல்பாகவே என்னென்ன இருக்கிறது என்று நான் ஒரு முறைகூடத் தேடவில்லை. இருக்க வேண்டியது எது என்று தெரியாதவனுக்கு இருக்கக் கூடாதது எது என்று எப்படித் தெரியும்?

ஒரு ராத்திரி ஃபோன் டார்ச்சை வைத்து வெளிச்சப் பரிசோதனைகூடச் செய்தேன். தண்ணீர் நிறைந்த வீக்கம் என்றால் வெளிச்சம் ஊடுருவிச் சிவப்பாக ஒளிரும் என்று எங்கேயோ படித்திருந்தேன். விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். ஒன்றும் ஒளிரவில்லை. சரி, முடிந்தது கதை என்று முடிவே கட்டிவிட்டேன். பிற்பாடு அறுவை சிகிச்சை மருத்துவரிடம் இதைச் சொன்னபோது அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். அந்தப் பரிசோதனை உண்மைதானாம். ஆனால் ஹைட்ரோசீல் மாதிரி, விதையைச் சுற்றியுள்ள உறைக்குள் நீர் தேங்கிப் பை முழுக்கப் பருத்திருக்கும் வீக்கத்தில்தான் அது தெளிவாகத் தெரியும். சில மில்லிமீட்டர் கட்டியில், அதுவும் சுருங்கிய தோலுக்கு வெளியே ஃபோன் வெளிச்சத்தைப் பிடித்தால், எதுவும் தெரியாது. ஒளிர்ந்தால் மட்டும் நிம்மதி அடையலாமா என்றால் அதுவும் இல்லை. விதையில் கட்டி வந்ததால் அதைச் சுற்றி நீர் சேர்ந்திருக்கவும் வாய்ப்பு உண்டு. டார்ச்சை வைத்து நாமே தீர்ப்பு எழுதக் கூடாது.

இரண்டாவது வாரத்திலிருந்து இன்னொரு வேலையை ஆரம்பித்தேன். அமுக்கிப் பார்ப்பது. காலையில் ஒரு முறை, அலுவலகக் கழிப்பறையில் இரண்டு முறை, இரவில் கணக்கே இல்லை. இன்று பெரிதாகிவிட்டதா, இடம் மாறிவிட்டதா, கெட்டியாகிவிட்டதா என்று பார்ப்பேன். நாலைந்து நாளில் அந்த இடம் வலிக்க ஆரம்பித்தது. அடிவயிறு வரை இழுத்துப் பிடிப்பது போல ஒரு மந்தமான வலி. முதலில் வலியில்லாத கட்டி என்று பயந்தவன், இப்போது வலிக்கிறதே, பரவிவிட்டது போல என்று பயந்தேன். மென்மையான ஓர் உறுப்பை ஒரு நாளைக்குப் பத்துத் தடவை நசுக்கினால் வலிக்காமல் என்ன செய்யும்? இது அப்போது தோன்றவே இல்லை. கட்டி ஒன்று தட்டுப்பட்டால், ஒரு முறை சரியாகத் தொட்டுப் பாருங்கள், எந்த இடம், எவ்வளவு பெரிது என்று குறித்து வையுங்கள். அப்புறம் மருத்துவர் தொடும் வரை கையை எடுத்துவிடுங்கள்.

நாலாவது வாரம் பணத்தை இழந்தேன். ராத்திரி தேடித் தேடி என் ஃபோனுக்கே என் நிலைமை தெரிந்துவிட்டது போல. எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் ‘அறுவை சிகிச்சை இல்லாமல் கட்டியைக் கரைக்கும்’ எண்ணெய் விளம்பரம். ஒரு பாட்டில் எண்ணெய், கூடவே மூன்று மாதத்துக்கு மாத்திரை, வெளியில் பெயர் போடாத அட்டைப்பெட்டியில் வரும் என்ற உறுதிமொழி. அந்தக் கடைசி வரிதான் என்னை வாங்க வைத்தது. சம்பளத்தில் கால் பங்கு போனது. எண்ணெயைத் தடவிய மூன்றாம் நாள் தோல் சிவந்து எரிந்து, நடக்கவே காலை அகட்டி வைக்க வேண்டியதாயிற்று. கட்டி அப்படியே இருந்தது. தோலில் தடவுகிற எதுவும் உள்ளே இருக்கிற கட்டியைக் கரைக்காது. விதைப்பைத் தோல் உடம்பிலேயே மெல்லிய தோல்களில் ஒன்று, எதைத் தடவினாலும் சீக்கிரம் உறிஞ்சும், சீக்கிரம் புண்ணாகும். படித்தவன்தான் நான், இருந்தும் வாங்கினேன். பயந்தவனிடம் எதையும் விற்கலாம்.

ஆறாவது வாரம் ஒரு வழியாக ஒரு பொது மருத்துவரிடம் வீடியோ அழைப்பில் பேசினேன். நேரில் போனால் காட்டச் சொல்வாரே என்றுதான் வீடியோ. ‘அங்கே லேசா வலிக்குது டாக்டர்’ என்று மட்டும் சொன்னேன், கட்டி என்ற சொல்லையே வாயிலிருந்து எடுக்கவில்லை. அவரும் கேட்கவில்லை. தொற்றாக இருக்கலாம் என்று ஆன்டிபயாட்டிக் எழுதினார், தீர்ந்ததும் இன்னொரு சுற்று எழுதினார். வயிறு கெட்டதுதான் மிச்சம். அவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை, பாதி உண்மையைச் சொன்னவன் நான். ஆனால் ஒன்று மட்டும் நிச்சயம். விதைப்பையில் ஒரு கோளாறு என்று போய், தொட்டுப் பார்க்காமலே மருந்துச் சீட்டோடு திரும்பினால் பரிசோதனை இன்னும் நடக்கவில்லை என்று அர்த்தம். தொற்றினால் வருகிற வீக்கம் என்று உண்மையிலேயே ஒன்று உண்டு. விதைக்குப் பின்னால் இருக்கும் எபிடிடைமிஸ் என்ற குழாய் வீங்கும், வலி ஓரிரு நாளில் படிப்படியாக ஏறும், காய்ச்சல் வரலாம், சிறுநீர் போகும்போது எரியலாம். இளவயதில் பெரும்பாலும் உடலுறவு மூலம் தொற்றும் கிருமிகள், வயதானால் சிறுநீர்ப்பாதைக் கிருமிகள். அதற்கு ஆன்டிபயாட்டிக் வேண்டும்தான். வலி போன பிறகும் கெட்டியான வீக்கம் சில வாரம் நிற்கும், அதற்குப் பதற வேண்டாம், ஆனால் அது வற்றியதா என்று திரும்பப் போய்க் காட்ட வேண்டும். நானே அமுக்கி வரவழைத்த வலியைத் தவிர, எனக்கு இந்த அறிகுறிகளில் ஒன்றுகூட இல்லை.

எட்டாவது வாரம் மாட்டிக்கொண்டேன். ராத்திரி ஒன்றரை மணி, கதவு வழக்கம்போலக் கத்தியது, வெளியே வந்தால் மனைவி விளக்கைப் போட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருக்கிறாள். “ஏங்க, ரெண்டு மாசமா ராத்திரி ராத்திரி ஃபோனை எடுத்துட்டு உள்ள போய் என்ன பண்றீங்க?” வயிறு சரியில்லை என்றேன். “வயிறு சரியில்லைன்னா ஃபோன் எதுக்கு?” அவள் என்ன நினைத்திருக்கிறாள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. கையை நீட்டினாள். கொடுத்துவிட்டேன். அவள் யாருடைய பெயரையோ, குறுஞ்செய்தியையோ தேடினாள். கிடைத்தது என் தேடல் வரலாறு. ஒவ்வொன்றாக மேலே தள்ளிக்கொண்டே போனாள். விதையில் கட்டி, வலியில்லாத கட்டி, எத்தனை வருடம் உயிரோடு இருப்பார்கள். அந்தக் கடைசி வரியில் அவள் விரல் நின்றது. எதுவும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, “எங்க இருக்கு?” என்று மட்டும் கேட்டாள். இரண்டு மாதமாக வராத அழுகை அப்போது வந்தது. மறுநாள் காலை அவளே யூராலஜிஸ்ட், அதாவது சிறுநீர்ப்பாதைக்கும் ஆணுறுப்புகளுக்குமான அறுவை சிகிச்சை மருத்துவர் ஒருவரிடம் நேரம் வாங்கினாள். ஒன்பதாவது வாரத்தில் கிடைத்தது.

போவதற்கு முன் அவள் செய்த ஒரு காரியம் பெரிய உதவியாக இருந்தது. என்னை உட்கார வைத்து ஒரு தாளில் எழுத வைத்தாள். எப்போது தெரிந்தது, எந்தப் பக்கம், வளர்ந்ததா, படுத்தால் மறைகிறதா, இருமினால் பெரிதாகிறதா, அடிபட்டதா, காய்ச்சல் உண்டா, சிறுநீரில் எரிச்சலோ இரத்தமோ உண்டா, முதுகுவலி, எடை குறைவு உண்டா, சின்ன வயதில் விதை கீழே இறங்காமல் இருந்ததா, இதுவரை என்னென்ன மருந்து சாப்பிட்டது, என்ன தடவியது. சிறுவயதில் விதை இறங்காமல் இருந்தது என்பது முக்கியமான கேள்வி, அப்படிப்பட்டவர்களுக்குப் புற்று வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல். அம்மாவிடம் ஃபோனில் கேட்டுத் தெரிந்துகொண்டோம், அப்படி எதுவும் இல்லை. வாய் திறந்து சொல்லக் கூச்சமாக இருந்தால் தாளை நீட்டிவிடலாம். நான் நீட்டினேன். எண்ணெய் என்று எழுதியிருந்த இடத்தில் மருத்துவர் என்னை நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான்.

அவர் வயதானவர், அவசரமில்லாதவர். நான் ஒன்பது வாரம் பயந்த பரிசோதனை மொத்தம் ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. கையுறை போட்டுக்கொண்டு, “நல்ல பக்கத்துலேருந்து ஆரம்பிப்போம் தம்பி” என்று இடது பக்கத்தை முதலில் தொட்டார். நிற்க வைத்து, படுக்க வைத்து, இருமச் சொல்லி, மூச்சை அடக்கி முக்கச் சொல்லிப் பார்த்தார். அப்புறம் வலது பக்கம். கட்டியை இரண்டு விரலுக்கு நடுவே பிடித்தார். “இப்ப உங்க விரலைக் கொடுங்க. இது விதை. இது நீங்க சொல்ற கட்டி. நடுவுல ஒரு பள்ளம் தெரியுதா?” தெரிந்தது. விதை ஒரு பக்கம் வழவழப்பாக நின்றது, கட்டி அதைத் தொட்டும் தொடாமலும் தனியாக நகர்ந்தது. ஒன்பது வாரம், ஒரு நாளைக்குப் பத்து முறை தொட்டும் எனக்குத் தட்டுப்படாத அந்தப் பள்ளம்.

“ஒரே கேள்விதான் தம்பி. கட்டி விதைக்குள்ளயா, விதைக்கு வெளியயா? வெளிய இருக்கறது பெரும்பாலும் ஒன்னும் செய்யாது. உள்ள கெட்டியா இருந்தா, இல்லைன்னு நிரூபணம் ஆகுற வரைக்கும் அதைப் புத்துன்னுதான் நாங்க எடுத்துப்போம்.” இப்படிச் சொல்லிவிட்டு, “இப்ப அந்தப் பக்கத்தையும் தொட்டுப் பாருங்க” என்றார். இடது விதைக்குப் பின்னாலும் அதே மாதிரி ஒரு மேடு, ஒரு திருகல். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அங்கேயும் கட்டியா? “கட்டி இல்ல, எல்லா ஆம்பளைக்கும் இருக்கறது” என்றார். அந்த நிமிடம் வரை மறுபக்கத்தைத் தொட்டு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. இரண்டு இருப்பதில் இப்படி ஒரு வசதி, ஒன்றுக்கு மற்றது அளவுகோல்.

அன்று அவர் மேஜையில் ஒரு தாளில் வரைந்து காட்டியதை அப்படியே சொல்லிவிடுகிறேன், பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் வேகமாகத் தாண்டிப் போன பாடம் இது. விதை முட்டை வடிவம், நாலிலிருந்து ஐந்து சென்டிமீட்டர் நீளம், வழவழப்பு, அழுத்தினால் ரப்பர் மாதிரி கொஞ்சம் கொடுக்கும். ஒன்று மற்றதைவிடச் சற்றுப் பெரிதாக இருக்கலாம், ஒன்று தாழ்ந்து தொங்கும், பலருக்கு அது இடதுதான். விதையின் மேல்முனையில் தொப்பி மாதிரி உட்கார்ந்து, பின்பக்கமாகக் கீழே இறங்கும் மெத்தென்ற வரப்புதான் எபிடிடைமிஸ். விந்தணுக்கள் முதிர்கிற குழாய் அது. சுருண்டு மடிந்து கிடப்பதால் சின்னதாகத் தெரிகிறது, பிரித்து நீட்டினால் ஆறு மீட்டர் வரும். அதன் வாலிலிருந்து மேலே போகும் உறுதியான நரம்பு போன்ற கயிறு விந்து நாளம், விரலுக்கிடையே உருட்டினால் தடித்த நூல் மாதிரி நழுவும், பலர் இதையும் கட்டி என்று நினைத்து ஓடி வருவார்களாம். கூடவே சிரைகள் பின்னிக்கொண்டு போகும். விதையின் உச்சியில் மிளகு அளவுக்குக்கூட இல்லாத ஒரு சின்னத் தொங்கலும் பலருக்கு உண்டு, கருவில் இருந்தபோது மிஞ்சிய எச்சம். 18ஆம் நூற்றாண்டு இத்தாலிய மருத்துவர் மோர்காக்னியின் பெயரில்தான் அதை இன்னும் அழைக்கிறார்கள். வெளித்தோலின் நடுவில் ஓடும் தையல் கோடு போன்றது, கருவில் இரண்டு பாதி ஒட்டிய இடம். தோலில் இருக்கும் சின்ன வெளுத்த புள்ளிகள் எண்ணெய்ச் சுரப்பிகள், தோலோடு சேர்ந்து நகரும் உருண்டைகள் பெரும்பாலும் தோல் கட்டிகள். அவற்றையும் காட்டலாம், ஆனால் அதற்காக இராத்திரி விழித்திருக்கத் தேவையில்லை.

சரி, ஸ்கேன். மருத்துவர் கையிலேயே சொல்லிவிட்டாலும் அல்ட்ராசவுண்ட் எடுத்துப் பார்க்கலாம் என்றார். அதுவும் டாப்ளரோடு, அதாவது இரத்த ஓட்டத்தையும் நிறத்தில் காட்டும் வகை. ஊசி இல்லை, கதிர்வீச்சு இல்லை, வலி இல்லை. ஜில்லென்று ஒரு ஜெல் மட்டும். ஒரு துணியை மடித்து அடியில் வைத்துத் தூக்கி நிறுத்தினார்கள், இன்னொரு துணியால் மேலே மூடினார்கள். எல்லாம் இருபது நிமிடம். திரையில் விதை சாம்பல் நிறத்தில் மணல் பரப்பியது போல ஒரே சீராகத் தெரிந்தது, அதற்கு மேலே கன்னங்கரேலென்று ஒரு வட்டம். “தண்ணி கறுப்பாத்தான் தெரியும் சார்” என்றார் ஸ்கேன் செய்த பெண் மருத்துவர். வலது எபிடிடைமிஸின் தலைப்பகுதியில் 6 மில்லிமீட்டர் நீர்க்கட்டி. சாதாரணமானது, மிகவும் பரவலானது. உள்ளே விந்தணு கலந்த நீர் இருந்தால் ஸ்பெர்மட்டோசீல் என்பார்கள், வெறும் நீர் என்றால் நீர்க்கட்டி. இரண்டுக்கும் செய்ய வேண்டியது ஒன்றுதான், சும்மா விடுவது. மிகப் பெரிதாகி இழுத்து வலித்தால் மட்டும் அறுவை. அதையும் குழந்தை பெற்றுக்கொள்ளும் திட்டம் உள்ளவர்கள் யோசித்துத்தான் செய்ய வேண்டும், ஏனென்றால் கத்தி படுகிற இடம் விந்து போகிற அந்தக் குழாயின் பக்கத்தில். ‘சிறிதளவு நீர் உள்ளது’ என்றும் அறிக்கையில் ஒரு வரி இருந்தது. அதைப் பார்த்துப் புதிதாகப் பயப்படத் தயாரானேன். விதையைச் சுற்றிக் கொஞ்சம் நீர் இருப்பது இயல்பாம்.

வேடிக்கை என்னவென்றால், அறிக்கையில் இன்னொரு வரியும் இருந்தது. இடது பக்கம் வெரிகோசீல். நான் ஒரு நாளும் சந்தேகப்படாத ‘நல்ல’ பக்கத்தில்! விதைக்கு மேலே உள்ள சிரைகள் புடைத்துச் சுருண்டு கிடப்பது அது. பெரிதாக இருந்தால் நிற்கும்போது பைக்குள் மண்புழுக்கள் நெளிவது மாதிரி தட்டுப்படும், படுத்தால் வடிந்துவிடும். ஏறக்குறைய நூற்றில் பதினைந்து ஆண்களுக்கு இருக்கிறது, அதிலும் பெரும்பாலும் இடது பக்கம். இடது விதையின் சிரை மேலே போய் இடது சிறுநீரகச் சிரையில் கிட்டத்தட்டச் செங்கோணத்தில் சேர்கிறது, வலது சிரையோ நேராகப் பெருஞ்சிரையில் சாய்ந்து சேர்ந்துவிடுகிறது. இடதில் இரத்தம் திரும்பக் கஷ்டப்படுவதால் சிரை புடைக்கிறது. என்னுடையது சின்னது, எங்களுக்கு ஒரு குழந்தையும் இருக்கிறது, அதனால் விட்டுவிடலாம் என்றார். குழந்தை இல்லாமல் தவிப்பவர்களும், வலி உள்ளவர்களும், பதின்பருவத்தில் அந்தப் பக்க விதை சிறுத்துக்கொண்டு போகிறவர்களும் மட்டும் சிகிச்சை பற்றிப் பேச வேண்டும். இன்னொன்றும் சொன்னார். வலது பக்கம் மட்டும் வந்தாலோ, திடீரென்று வந்தாலோ, படுத்தும் வடியாமல் நின்றாலோ, மேலே வயிற்றிலோ சிறுநீரகத்திலோ ஏதாவது அழுத்துகிறதா என்று பார்த்தாக வேண்டுமாம்.

ஸ்கேனுக்குக் காத்திருந்தபோது பக்கத்தில் ஒரு பையன் உட்கார்ந்திருந்தான். பையன் என்றால் 26 வயது. இந்த இடத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் யாரும் யாரையும் பார்த்துக்கொள்வதில்லை, ஆனால் அவனாகவே பேச்சுக் கொடுத்தான். கால்பந்து ஆடும்போது அடிபட்டது அண்ணா, அதிலிருந்து ஒரு பக்கம் கெட்டியா இருக்கு, வலியெல்லாம் இல்லை, கனமா இருக்கிற மாதிரி மட்டும் இருக்கு என்றான். எந்தப் பயமும் இல்லை அவனிடம். நான்தான் அவனுக்கும் சேர்த்து வியர்த்துக்கொண்டிருந்தேன். அவன் ஃபோன் நம்பரை வாங்கிக்கொண்டேன். ஒரு மாதம் கழித்து அழைத்தபோது, ஒரு விதையை எடுத்துவிட்டார்கள் என்றான். அடியால் வரவில்லையாம், அடிபட்டதால் அங்கே தொட்டுப் பார்த்தான், தொட்டதால் ஏற்கெனவே இருந்தது தெரிந்தது. கட்டி விதைக்குள்ளேயே, கல் மாதிரி. ஏஎஃப்பி, பீட்டா எச்சிஜி, எல்டிஎச் என்று இந்தப் புற்றின் அடையாளத்தைத் தேடும் மூன்று இரத்தப் பரிசோதனை எடுத்து, விந்தைச் சேமித்து வைத்துவிட்டு, அடுத்த வாரமே அறுவை. “கண் முழிச்சுப் பார்த்தா கட்டு இடுப்புக்குக் கீழே, தொடை இடுக்குல இருக்கு அண்ணா. இடம் மாத்திப் பண்ணிட்டாங்களோன்னு பயந்துட்டேன்.” அதுதான் சரியான இடம். விதைப்பையை வெட்டியோ ஊசி குத்தியோ எடுத்தால் புற்று வேறு பாதையில் பரவ வாய்ப்பு உண்டு என்பதால், கவட்டியில் கீறி மேல் வழியாக எடுக்கிறார்கள். மிஞ்சிய ஒரு விதை பெரும்பாலும் ஹார்மோனுக்கும் குழந்தைக்கும் போதும். இந்தப் புற்று 20க்கும் 40க்கும் நடுவில் உள்ளவர்களைத்தான் அதிகம் பிடிக்கிறது, ஆனால் குணமாகும் புற்றுகளில் முன்வரிசையில் நிற்பதும் இதுதான். 1970களில் சிஸ்பிளாட்டின் என்ற புற்றுநோய் மருந்து வந்த பிறகு, உடலில் பரவிய நிலையில் வந்தவர்கள்கூடப் பிழைத்தார்கள். சைக்கிள் வீரர் லான்ஸ் ஆம்ஸ்ட்ராங்குக்கு 1996இல் கண்டுபிடித்தபோது இந்தப் புற்று நுரையீரலுக்கும் மூளைக்கும் போயிருந்தது, அவரும் பிழைத்தார். நான் இரவெல்லாம் தேடிய ‘எத்தனை வருடம்’ என்ற கேள்விக்குப் பதில் அத்தனை மோசமில்லை. காட்டிவிட்டால்.

காட்டுவதற்கு எத்தனை நாள் எடுத்துக்கொள்ளலாம் என்று மருத்துவரிடம் கேட்டேன். கட்டி என்றால் ஓரிரு வாரத்துக்குள் என்றார். நாளே எடுத்துக்கொள்ளக் கூடாத ஒன்றும் இருக்கிறது, அதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் மாறியது. திடீரென்று தாங்க முடியாத வலி, ஒரு பக்கம், கூடவே குமட்டல், வாந்தி, விதை மேலே ஏறினாற்போல் இருப்பது. இது விதை முறுக்கிக்கொண்டதாக இருக்கலாம். இரத்தக் குழாய் முறுக்கிவிட்டால் ஆறு மணி நேரத்துக்குள் அவிழ்த்தால் விதை பெரும்பாலும் பிழைக்கும், ஒரு நாள் போய்விட்டால் பெரும்பாலும் எடுத்துவிட வேண்டியதுதான். பன்னிரண்டிலிருந்து பதினெட்டு வயதுப் பையன்களுக்குத்தான் அதிகம் வரும். அவர்களோ கூச்சத்தில் ‘வயிறு வலிக்குது’ என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் படுத்துக்கொள்வார்கள். வயிற்றுக்கு மருந்து கொடுத்துத் தூங்க வைத்துவிட்டு, காலையில் தூக்கிக்கொண்டு வருவார்களாம். “எத்தனை பேரை நான் காலையிலதான் பார்த்திருக்கேன் தெரியுமா?” என்றார். வீட்டில் பையன் இருந்தால் வயிற்றுவலி என்றதும் கீழேயும் வலிக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். ஆமாம் என்றால் அவசர சிகிச்சைப் பிரிவு, அப்போதே. அதே மாதிரி, இருமினால் இறங்கிப் படுத்தால் ஏறிப்போகிற வீக்கம் குடலிறக்கமாக இருக்கலாம். அது ஒரு நாள் உள்ளே போகாமல் கெட்டியாகி வலித்தாலும் அன்றைக்கே ஓட வேண்டும்.

இனிமேல் மாதா மாதம் நானே சோதித்துக்கொள்ளட்டுமா என்று கேட்டதற்கு அவர் உற்சாகம் காட்டவில்லை. அறிகுறி எதுவும் இல்லாத ஆண்கள் வழக்கமாகச் சோதித்துக்கொள்வதால் உயிர் காப்பாற்றப்படுவதற்கு ஆதாரம் போதாது என்று அமெரிக்கத் தடுப்புச் சேவைகள் பணிக்குழு 2011இல் அதற்கு எதிராகவே பரிந்துரைத்திருக்கிறது. வேறு மருத்துவர்கள் மாதம் ஒரு முறை பார்க்கலாம் என்பார்கள். என்னைப் போன்ற அமுக்குப் பேர்வழிக்கு முதல் கட்சிதான் சரி என்று நினைக்கிறேன். உங்கள் உடம்பு இயல்பாக எப்படி இருக்கும் என்று ஒரு முறை, வெந்நீரில் குளித்துப் பை தளர்ந்திருக்கும் நேரத்தில், இரண்டு பக்கத்தையும் தொட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மாற்றம் தெரிந்தால் போய்க் காட்டுங்கள். தினமும் பரீட்சை வைக்காதீர்கள்.

ஸ்கேன் முடிந்து வீட்டுக்கு வந்த அன்று இரவு மனைவி என் ஃபோனை வாங்கித் தேடல் வரலாறு முழுவதையும் அழித்தாள். மாத்திரைகளைக் குப்பையில் போட்டோம். எண்ணெய் மட்டும் முக்கால் பாட்டில் மிச்சம் இருந்தது, அத்தனை காசு கொடுத்து வாங்கியதைக் கொட்ட மனசு வரவில்லை. குளியலறைக் கதவின் கீலில் ஊற்றினேன். இப்போது சத்தமே இல்லை.